பந்தும் பாட்டும்: எல்டன் ஜோனின் சிறந்த அல்பம் எது?

சென்ற இதழில் இந்தப் பக்கத்தில், வொட்ஃபோர்ட் உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவராக இருந்த பாடகர் எல்டன் ஜோனைப் பற்றி நான்கு பந்திகள் எழுதியிருந்தோம். கடைசி வரியில், அவருடைய ஆகச் சிறந்த அல்பம் "கப்டன் ஃபன்டாஸ்டிக் அன்ட் த பிரவுன் டர்ட் கவ்போய்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டோம். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதமும். வொட்ஃபோர்டைப் பற்றி ஒருவர்தான் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் எங்களோடு சண்டைக்கு நிற்கிறார்கள். வந்ததில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: எங்கள் தோட்டத்து உதைபந்தாட்டக் குழுவில் பயிற்சி முடிந்து தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால் இதுதான் பேச்சு. பாதிப்பேர் "குட்பாய் யெலோ பிரிக் ரோட்", மீதிப்பேர் "ஹொங்கி ஷட்டோ". நீங்கள் சொன்ன "கப்டன் ஃபன்டாஸ்டிக்" அல்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றுதான் இருக்கிறது. எதை வைத்து அதை முதலில் போட்டீர்கள்? – வாசகர்கள், கொட்டகலை

பதில்: தம்பிமாரே, நீங்கள் கோலை எண்ணுகிறீர்கள். நாங்கள் ஆட்டம் முழுவதையும் பார்த்தோம். கோல் கணக்குத்தான் என்றால் பேச்சே இல்லை, "யெலோ பிரிக் ரோட்" வென்றாயிற்று.

அது 1973 ஒக்டோபரில் இரட்டை எல்பியாக, அதாவது இரண்டு பெரிய இசைத்தட்டாக வந்தது. 17 பாட்டு, ஏறக்குறைய 76 நிமிடம். முதலில் ஜமேக்காவின் கிங்ஸ்டனில் பதிவு செய்யப் போனார்கள். அங்கே வேலை சரிவரவில்லை. பிரான்சில், ஹெரூவில் என்ற ஊரின் பழைய மாளிகைக்குள் இருந்த ஸ்டூடியோவுக்கே திரும்பி வந்து, ஏறக்குறைய இரண்டு கிழமையில் முடித்தார்கள். "ஹொங்கி ஷட்டோ"வும் (1972) அதே மாளிகையில் பதிவானதுதான். பெயரில் உள்ள "ஷட்டோ" அந்த மாளிகைதான்.

முதல் எல்பியின் முதல் பக்கத்தை எடுங்கள். மூன்றே பாட்டு. முதலாவது 11 நிமிடம் 9 செக்கன். அதில் முன்பாதி வெறும் வாத்திய இசை. இரண்டாவது மரிலின் மன்றோவைப் பற்றியது. மூன்றாவது "பென்னி அன்ட் த ஜெட்ஸ்". கூட்டத்தின் ஆரவாரத்தோடு தொடங்குவதால் இது மேடையில் பதிவானது என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. இல்லை. ஸ்டூடியோவில் பதிவான பாட்டு. ஆரவாரம் முழுவதையும் தயாரிப்பாளர் கஸ் டட்ஜன் பிறகுதான் சேர்த்தார். பாட்டுத் தொடங்குமுன் எல்டன் ஒரு கோர்டை (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை) பியானோவில் தனியாகத் தட்டியிருந்தார். மேடையில் பாடகர்கள் அப்படித்தானே தட்டிப் பார்ப்பார்கள் என்று டட்ஜனுக்குப் பட்டது, அங்கிருந்து வந்த யோசனை. 

இப்படி ஒரு முதல் பக்கம் ரொக் இசையில் அபூர்வம். பிரச்சினை பின்னால் வருகிறது. இரண்டாம் பக்கத்தில் ஜமேக்கா பாணியில் ஒரு விளையாட்டுப் பாட்டு. மூன்றாம் பக்கத்தில் ஒன்று, நான்காம் பக்கத்தில் இரண்டு, இவையெல்லாம் ரிசேர்வில் உட்கார வேண்டியவை. பதினேழு பேரையும் ஒரே நேரத்தில் மைதானத்தில் இறக்கிய அணி அது.

"கப்டன் ஃபன்டாஸ்டிக்" (1975) அப்படியில்லை. பத்துப் பாட்டு, பத்தும் ஒரே கதை: 1967இல் ஒருவரையொருவர் சந்தித்த எல்டனும் பாடலாசிரியர் பெர்னி டோபினும் லண்டனில் கையில் காசில்லாமல் அலைந்த காலம். கப்டன் என்பது எல்டன், கவ்போய் டோபின். இருவரும் வேலை செய்யும் முறை எப்போதும் ஒன்றுதான். டோபின் முதலில் வரிகளை எழுதிக் கொடுப்பார். எல்டன் தாளைப் பியானோவில் வைத்துக்கொண்டு மெட்டுப் போடுவார், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள். வேறு அல்பங்களில் டோபின் எழுதிய கதைகளுக்கு எல்டன் வெளியாள். இதில் அவர் பாடுவது சொந்த வாழ்க்கை.

ஐந்தாவது பாட்டைக் கவனியுங்கள். நீங்கள் சொல்லும் அந்த "எல்லோருக்கும் தெரிந்த" பாட்டு அதுதான்; எல்பியில் முதல் பக்கத்தின் கடைசி. பொருத்தமில்லாத திருமணம் ஒன்றுக்குள் போகவிருந்த எல்டனை, லோங் ஜோன் போல்ட்ரி என்ற மூத்த பாடகர் தடுத்து நிறுத்திய சம்பவம் அதில் வருகிறது. எல்டன் "ஜோன்" என்ற பெயரை எடுத்ததும் இந்தப் போல்ட்ரியிடமிருந்துதான். கிட்டத்தட்ட 7 நிமிடப் பாட்டு. வானொலிக்காக வெட்டிக் குறைக்க எல்டன் உடன்படவில்லை. தனிப்பாட்டாகக் கேட்டால் சோகப் பாட்டு. முன்னால் உள்ள நான்கையும் கேட்டுவிட்டு வந்தால், இடைவேளைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது விழுந்த சமநிலைக் கோல். அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் வெளிவந்த கிழமையே முதலாம் இடத்தில் நுழைந்த முதல் அல்பமும் இதுவே. எங்கள் தீர்ப்புக்கு அது காரணமில்லை, ஒரு தகவலுக்குச் சொல்கிறோம்.

"ஹொங்கி ஷட்டோ" கட்சிக்கு ஒரு வார்த்தை. டேவி ஜோன்ஸ்டன் கிட்டார், டீ மரே பேஸ், நைஜல் ஒல்சன் ட்ரம்: இந்த மூவரும் நிலையான அணியாக ஒரு முழு அல்பத்தில் முதன்முதலாக இறங்கியது அதில்தான். முதல் பதினொருவரைச் சரியாகப் பொறுக்கியெடுத்த ஆண்டு. எங்கள் கணக்கில் மூன்றாம் இடம்.

இரண்டாம் இடம் யாருக்கென்று கேட்பீர்கள். "டம்பிள்வீட் கனெக்ஷன்" (1970). அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து மனிதர்கள், துப்பாக்கி, வயல், ரயில். இவ்வளவையும் எழுதிப் பதிவு செய்தபோது டோபின் அமெரிக்க மண்ணை மிதித்திருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அதில் தகவல் குறைவு, ஏக்கம் அதிகம். அதில் வரும் ஒரு பாட்டை, அல்பம் வெளிவருவதற்கு முன்பே ரொட் ஸ்டூவர்ட் பாடி வெளியிட்டுவிட்டார். அவர் ஸ்கொட்லாந்தின் செல்டிக் உதைபந்தாட்டக் கழகத்தின் ரசிகர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: "கப்டன் ஃபன்டாஸ்டிக்" அல்பத்தின் நான்காவது பாட்டு "விசில் அடிக்கும்போது சொல்லு" என்று வருகிறதே, அது நடுவர் ஊதும் இறுதி விசிலைத்தானே சொல்கிறது? நண்பனோடு ஒரு கொத்து ரொட்டி பந்தயம். – வாசகர், ஹட்டன்

பதில்: கொத்து ரொட்டிக்கு நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். அது ரயில் விசில். லண்டன் வாழ்க்கை அலுத்துப்போய் வடக்கே ஊருக்குத் திரும்பும் இளைஞன், பெட்டியில் தூங்கப் போகுமுன் சொல்வது. டோபினின் ஊர் லிங்கன்ஷயர். ஹட்டன் ஸ்டேசனில் இரவு மெயிலுக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்தப் பாட்டை விளக்கத் தேவையில்லை.

அதே மாதிரி, சனிக்கிழமை இரவுச் சண்டையைப் பற்றிய பாட்டை உதைபந்தாட்ட ரசிகர்களின் பாட்டு என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் லிங்கன்ஷயரின் மதுச்சாலைகளில் டோபின் சிறுவயதில் பார்த்த அடிதடி.

கேள்வி: பன்னிரண்டு பேர் கை தூக்கி வாக்கெடுத்தோம். "யெலோ பிரிக் ரோட்" 5, "கப்டன் ஃபன்டாஸ்டிக்" 4, "ஹொங்கி ஷட்டோ" 3. ஐந்து வாக்கு வென்றது என்று அறிவித்தவுடன் மற்ற ஏழு பேரும் கத்தத் தொடங்கிவிட்டார்கள். சரியாக எப்படி நடத்துவது? – வாசகர், இராகலை

பதில்: ஏழு பேரும் கத்தியது நியாயம். பன்னிரண்டில் ஏழு பேர் விரும்பாதது வென்றிருக்கிறது. கை தூக்கும் முறையில் ஒருவரின் முதல் விருப்பம் மட்டும்தான் தெரியும். இரண்டாம் விருப்பம் எங்கும் பதிவாவதில்லை.

ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுங்கள். மூன்று அல்பத்தையும் வரிசைப்படுத்தி எழுதட்டும். முதலாவதற்கு 3 புள்ளி, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 1. உங்கள் பன்னிரண்டு பேரின் வரிசை இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர்: யெலோ, கப்டன், ஹொங்கி. நான்கு பேர்: கப்டன், ஹொங்கி, யெலோ. மூன்று பேர்: ஹொங்கி, கப்டன், யெலோ. கூட்டினால் யெலோ 15+4+3, மொத்தம் 22. கப்டன் 10+12+6, மொத்தம் 28. ஹொங்கி 5+8+9, அதுவும் 22. கை தூக்கியதில் இரண்டாவதாக வந்தது இங்கே ஆறு புள்ளி வித்தியாசத்தில் முதலாவது. (எங்கள் அல்பம் வெல்லும்படி உதாரணத்தைப் போட்டிருக்கிறோம் என்று முணுமுணுக்க வேண்டாம். உங்கள் காகிதங்களை வைத்து நீங்களே கூட்டிப் பாருங்கள்.)

இதிலும் தில்லுமுல்லு நடக்கும். எதிர்க்கட்சியின் அல்பம் நல்லது என்று தெரிந்தும் அதை வேண்டுமென்றே கடைசியில் தள்ளுவார்கள். விவாதம் தொடங்குமுன்பே காகிதத்தை வாங்கி வைத்துவிட்டால் பாதி குறையும். மீதிக்கு வழி, மூன்று அல்பத்தைப் பத்தாக்குவது. பத்து இருக்கும்போது முதல் ஐந்துக்கு மட்டும் 5, 4, 3, 2, 1 என்று கொடுங்கள். யாரைத் தள்ளி யாரை ஏற்றுவது என்று கணக்குப் போடுவது அப்போது சிரமம்.

பத்து அல்பம் வரும்போது இன்னொரு கோளாறு. "டம்பிள்வீட்" போன்றதைக் கேட்டவர்கள் நான்கு பேர்தான் இருப்பார்கள். கேட்காத எட்டுப் பேரும் வெற்றிடம் விட்டால் அது புள்ளியில் அடிபட்டுப்போகும். அல்பம் மோசம் என்பதால் இல்லை, கடையில் கிடைக்கவில்லை என்பதால். அதனால் மொத்தப் புள்ளியை, அந்த அல்பத்தை முழுக்கக் கேட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுங்கள். கேட்டாரா இல்லையா என்று பார்க்க, ஹிட் ஆகாத பாட்டு ஒன்றைச் சொல்லச் சொன்னால் போதும்.

1974இல் வந்த "கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்" தொகுப்பைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று அதே கடிதத்தின் அடியில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அது தேசிய அணி. நீங்கள் கழகங்களுக்கு வாக்களிக்கிறீர்கள்.

கேள்வி: கனடாவிலிருக்கும் அண்ணன் பழைய ரெக்கோர்ட் பிளேயர் ஒன்று அனுப்பினார். டிரான்ஸ்போமர் வாங்கித்தான் மாட்டினோம். ஆனால் 1973ஆம் ஆண்டு எல்பியில் எல்டன் கிழவன் மாதிரிப் பாடுகிறார். ஊசி மாற்றியும் சரிவரவில்லை. – வாசகர், பண்டாரவளை

பதில்: ஊசியில் பிழையில்லை. டிரான்ஸ்போமர் 230 வோல்ட்டை 110 ஆக்கும். மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றாது. கனடாவில் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. பழைய பெல்ட் பிளேயர்களில் மோட்டர் இந்த அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றும். ஆகவே இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடுகிறது.

சோதித்துப் பாருங்கள். தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டை ஒட்டி, போனில் 3 நிமிடம் வைத்து, அது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். எல்பியின் சரியான வேகம் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும். 3 நிமிடத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். உங்களுடையதில் 83 அளவில் வரும். "யெலோ பிரிக் ரோட்" அல்பத்தின் அந்த 11 நிமிடம் 9 செக்கன் பாட்டு உங்கள் வீட்டில் 13 நிமிடம் 23 செக்கன் ஓடும். சுருதியும் மூன்று அரைச்சுரம் இறங்கும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் கேட்பார். எல்டனின் குரல் உண்மையிலேயே கனத்தது 1987 ஜனவரியில் அவுஸ்திரேலியாவில் தொண்டையில் சத்திரசிகிச்சை செய்த பிறகுதான். உங்கள் பிளேயர் அதைப் பதினான்கு வருடம் முன்கூட்டியே செய்துவிட்டது.

சரிசெய்வது இப்படி. தட்டைத் தூக்கினால் மோட்டர் தண்டில் சின்னப் பித்தளைப் புல்லி ஒன்று தெரியும். அதன் விட்டம் 1.2 மடங்கு ஆக வேண்டும்; 10 மில்லிமீற்றர் என்றால் 12. சில மொடல்களுக்கு 50 ஹேர்ட்ஸ் புல்லி தனியாகவே செய்து விற்றார்கள், அண்ணனிடம் மொடல் எண்ணைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து எடுக்கலாம். பழைய புல்லியைக் கையில் எடுத்துப் பார்த்தால் நடுப்பகுதி மிக லேசாகப் புடைத்திருக்கும். பெல்ட் நழுவாமல் நடுவில் நிற்பது அந்தப் புடைப்பினால். கடைபவர் அதைக் கவனிக்காமல் தட்டையாகச் சீவிவிட்டால், ஐந்து நிமிடத்துக்கொரு தடவை பெல்ட் கழன்று விழும். சிறிய தட்டுக்கான 45 வேகப் படியையும் அதே விகிதத்தில் பெருப்பிக்கச் சொல்லுங்கள்.

குவார்ட்ஸ் கட்டுப்பாட்டு மோட்டர் உள்ள பிளேயர் என்றால் இந்தத் தொல்லை இல்லை, அதற்கு வோல்ட் மட்டும் சரியாக இருந்தால் போதும். ஊசி துள்ளுகிறது என்று தலையில் இரண்டு ரூபா நாணயம் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒட்டாதீர்கள். காட்ரிஜ்ஜுக்கு (ஊசி பொருத்திய தலைப் பகுதிக்கு) எத்தனை கிராம் அழுத்தம் என்று சொல்லியிருக்கிறார்களோ, பெரும்பாலும் 1.5 முதல் 2 வரை, அதைத்தான் வைக்க வேண்டும். கூடினால் காடியில், அதாவது ஊசி ஓடும் பள்ளத்தில், மேல் சுரம் முதலில் தேயும். "ஸ்ஸ்" என்று இரையத் தொடங்கினால் எல்பி முடிந்தது.

கேள்வி: அப்பாவின் எல்பிகளிலும் கசட்டுகளிலும் வெள்ளையாகப் பூஞ்சணம். வெயிலில் வைக்கலாமா? – வாசகி, தலவாக்கலை

பதில்: வேண்டாம் தங்கச்சி. வெயிலிலும் வேண்டாம், அடுப்புக்கு மேலும் வேண்டாம். 60 பாகையை நெருங்கினாலே வினைல் தட்டு வளையும். கண்ணாடி ஜன்னலுக்குள் இருக்கும் உச்சி வெயில் போதும்.

எல்பிக்கு: நான்கு பங்கு வடித்த நீருக்கு ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் அல்ககோல். வாகனப் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீரும் சரி. அசிட் கலந்த போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, அதற்கு மேல் வேண்டாம். மென்மையான துணியை நனைத்து, காடி போகும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால் அழுக்கு காடிக்குள் இறங்கி அங்கேயே இருந்துவிடும். நடுவிலுள்ள தாள் லேபிள் நனையக்கூடாது. பிறகு வெறும் வடித்த நீரால் ஒரு தடவை, அப்புறம் நிழலில் நிமிர்த்தி வைத்து உலர்த்துங்கள். பூஞ்சணம் ஏறிய உள்ளுறையில் திரும்பப் போட்டால் ஒரு மாதத்தில் மறுபடி வரும். உறையைப் புதிதாக மாற்றுங்கள். தாத்தா காலத்து 78 வேக அரக்குத் தட்டு ஏதாவது இடையில் இருந்தால் அதை வேறாக எடுத்து வையுங்கள். அல்ககோல் பட்டால் அரக்குக் கரைந்துவிடும்.

கசட்டில் பூஞ்சணத்தோடு போட்டுக் கேட்கவே கூடாது. ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் பகுதியில்) ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கசட்டுக்கும் பரவும். சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் ஒரு கிழமை வைத்து முதலில் ஈரத்தை எடுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஐந்து ஸ்குரூவையும் கழற்றித் திறங்கள். நாடாச் சுருளின் பக்கவாட்டில்தான் வெள்ளை படிந்திருக்கும், உலர்ந்த மென்துணியால் அதைத் துடைக்கலாம். ஸ்குரூவுக்குப் பதிலாக ஒட்டிய கூடு என்றால் ஓரத்தில் மெதுவாகப் பிளந்து, நாடாவை வேறொரு ஸ்குரூக் கூட்டுக்கு மாற்ற வேண்டும். திறந்ததும் ஹெட்டுக்கு எதிரே உள்ள சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் நாடா ஹெட்டை ஒட்டாது. பாட்டு போர்வைக்குள் இருந்து கேட்கும்.

அப்பாவின் "யெலோ பிரிக் ரோட்" கசட்டில் சில பாட்டுக்கள் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது சீ-60 நாடாவில் எடுத்ததாக இருக்கும். 76 நிமிட அல்பம் 60 நிமிடத்துக்குள் நுழையாது. சீ-90 என்றால் எல்பியின் முதல் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 40 நிமிடம், அடுத்த இரண்டும் 36. ஒவ்வொன்றும் நாடாவின் ஒரு பக்கத்தில் தாராளமாக அடங்கும்.

இனி வைக்கும் இடம். வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரியில் வைக்காதீர்கள், உட்சுவர்ப் பக்கம், சுவருக்கு நான்கு விரல் இடைவெளி விட்டு, நிமிர்த்தி வையுங்கள். தலவாக்கலை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை விடாது, ஆகவே ஜனவரி–மார்ச் வெயிலில் அலுமாரியைத் திறந்து காற்றாட விடுங்கள். பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்குக் கணக்கு மாறும். அவர்களுக்கு ஜூன் முதல் ஓகஸ்ட் வரை நல்ல காலம்.

கேள்வி: எனக்கு 17 வயது. போனில்தான் கேட்கிறேன். "கப்டன் ஃபன்டாஸ்டிக்" கேட்டேன், கடைசியில் பீட்டில்ஸ் பாட்டெல்லாம் வந்தது. கதை புரியவில்லை. எப்படித் தொடங்குவது? – வாசகர், நானுஓயா

பதில்: நீங்கள் கேட்டது 1995க்குப் பிறகு வந்த பதிப்பு. பத்தாவது பாட்டோடு அல்பம் முடிந்துவிடும். மறுபதிப்பில் மூன்று பாட்டை வாலில் ஒட்டினார்கள். நீங்கள் சொல்லும் பீட்டில்ஸ் பாட்டு, எல்டன் தனியாக வெளியிட்டது. பத்தாவது முடிந்ததும் நிறுத்துங்கள். காசு கட்டாத செயலிகள் சிலவற்றில் பாட்டு வரிசை தானாகவே கலைந்து வரும். இந்த அல்பத்துக்கு அது விஷம்.

தொடங்குவதற்கு "ஹொங்கி ஷட்டோ" சுலபம். பிறகு "கப்டன்", இரண்டு பாதியாக: ஐந்து பாட்டு, ஒரு பிளேன்டீ, மறுபடி ஐந்து. மூன்றாவதாக "17-11-70" என்ற நேரடிப் பதிவு. அந்தத் திகதியில் நியூயோர்க் ஸ்டூடியோவொன்றில் வானொலிக்காக வாசித்தது. கிட்டாரே கிடையாது, பியானோ, பேஸ், ட்ரம் மட்டும். எல்டனின் இடது கை என்ன செய்கிறது என்று அதில் கேட்டுவிட்டால், மற்ற அல்பங்களிலும் காது தானாக அங்கே போகும். "யெலோ பிரிக் ரோட்" அதற்குப் பிறகு.

கேள்வி: வொட்ஃபோர்டை வாங்கித்தான் எல்டனின் இசை கெட்டது என்கிறேன். சரியா? – வாசகர், பதுளை

பதில்: வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அப்படித்தான் தெரியும். 1976இல் கழகத் தலைவர். அதே ஆண்டு "புளூ மூவ்ஸ்". 1977இல் பயிற்சியாளர் கிரஹம் டெய்லர் வருகிறார். 1978இல் வொட்ஃபோர்ட் நான்காம் பிரிவில் சம்பியன். எல்டனுக்கு "எ சிங்கிள் மேன்". 1979இல் இரண்டாம் பிரிவுக்கு ஏற்றம். எல்டனுக்கு "விக்டிம் ஒஃப் லவ்". டிஸ்கோ அல்பம் அது. ஒரு பாட்டும் அவர் எழுதியதல்ல, பியானோவையும் தொடவில்லை. அவருடைய ஆகக் கீழான அல்பம் எது என்று வாக்கெடுத்தால் சண்டையே வராது.

ஆனால் காரணம் வேறு. 1970 முதல் 1976 வரை ஏழு வருடத்தில் பத்து ஸ்டூடியோ அல்பம் கொடுத்த மனிதர். 1975இல் மரேயையும் ஒல்சனையும் நீக்கினார். "புளூ மூவ்ஸ்" முடிந்ததும் டோபினும் டட்ஜனும் இல்லை. பின்வரிசை, நடுவரிசை, பயிற்சியாளர் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு முன்கள வீரர் தனியாக ஓடினால் எந்த அணியும் அப்படித்தான். மறுபக்கத்தையும் பாருங்கள். 1982–83 பருவத்தில் வொட்ஃபோர்ட் முதலாம் பிரிவில் லிவர்பூலுக்கு அடுத்ததாக இரண்டாம் இடம். அதே 1983இல் "டூ லோ ஃபோ ஸீரோ". டோபின் முழு அல்பத்துக்கும் எழுதினார். ஜோன்ஸ்டன், மரே, ஒல்சன் மூவரும் திரும்பினார்கள். எண்பதுகளில் அவர் செய்ததில் சிறந்தது அதுதான். கழகம் உச்சத்தில் இருந்தபோதே இசையும் எழும்பியது என்றால், உங்கள் வாதம் நிற்காது. அடுத்த ஆண்டு எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் எவர்ட்டனிடம் 2–0 என்று தோற்றார்கள், அது வேறு கதை.

"எ சிங்கிள் மேன்" அல்பத்தை முற்றாக ஒதுக்கவும் வேண்டாம். அதில் இரண்டு பாட்டில் பின்குரல் கொடுப்பது வொட்ஃபோர்ட் அணி வீரர்கள். சுருதிக்கு ஆசைப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள "புளூ மூவ்ஸ்" சீடியில் நண்பனுடையதை விடப் பாட்டுக்கள் குறைவு. கள்ளப் பிரதியா? – வாசகர், பொகவந்தலாவை

பதில்: இருக்க வேண்டியதில்லை. அது இரட்டை எல்பி, 18 பாட்டு, ஒரு சீடிக்குள் அடங்காத நீளம். ஒற்றைச் சீடியாக வெளியிட்ட பழைய பதிப்பில் கம்பனியே சில பாட்டுக்களைத் தூக்கிவிட்டது. இரண்டு சீடிப் பதிப்பைத் தேடுங்கள். பழைய சீடிக் கடையில் வாங்கும்போது உறையின் பின்பக்கத்தில் 18 வரை எண்ணிவிட்டுக் காசைக் கொடுங்கள்.